ஸ்ட்ரைக் பந்தலுக்கு மோர் கொண்டுபோன நாள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும் என்று திருத்தித்தான் எழுதுகிறாள். அவரவர் வாயால் பேசினதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் ஒரு செருப்பால் வந்தது. சென்னிமலைக்குச் சாமி கும்பிடப் போனபோது அடிவாரத்தில் வாங்கினேன். மெத்தென்று இருப்பதை வாங்கு என்று மகன் சொன்னான். எனக்கு வார் மினுமினுப்பாக இருந்ததுதான் பிடித்தது. அது வலது கால் சுண்டுவிரலைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. எனக்குச் சர்க்கரை. சர்க்கரைக்காரி காலில் புண் வந்தால் அது லேசில் போகுமா?

செவ்வாய்க்கிழமை தவறாமல் சோமனூரில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவேன். கட்டுப் போடுவது நர்ஸம்மாதான். ஆனால் அங்கே ஒரு சின்னப் பெண், டாக்டர், தெற்குச் சீமைக்காரி, ஒவ்வொரு முறையும் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள். நெய்த துணியை வெளிச்சத்தில் பிடித்து எங்கே இழை விட்டிருக்கிறது என்று நாங்கள் பார்ப்போமே, அந்த மாதிரி. எங்கள் தறிக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஆறு மாதம் பார்த்தாள். மூக்கைச் சுளித்ததில்லை. என் மருமகளே சுளிப்பாள், பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு திங்கட்கிழமை, டாக்டர்கள் ஸ்ட்ரைக் என்று டிவியில் சொன்னார்கள்.

"அத்தை, நாளைக்கு நீங்க போக வேண்டாமுங்க. அங்க ஒருத்தரும் பாக்க மாட்டாங்களாமா" என்றாள் மருமகள்.

"பாக்கறதுக்கு யாரு போறா? ஸ்ட்ரைக்குன்னா ஒரு எட்டுப் போயி மோராவது குடுத்துப்போட்டு வரோணுமில்ல" என்றேன்.

ஸ்ட்ரைக் எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினால் ஊரே சத்தமில்லாமல் ஆகிவிடும். அப்போது ஒரே ஒரு தறி ஓடினாலும் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஒருத்தர் ஜன்னலுக்கு இரண்டு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார். அவர் மகள் கல்யாணம் வரைக்கும் எங்கள் சந்தில் யாரும் அவரோடு பேசவில்லை. ஸ்ட்ரைக்கில் இருக்கிறவர்களை வேலை செய்ய வைப்பது பாவம் என்பது எனக்கு அப்படித்தான் பதிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே கால் விண்விண்ணென்று தெறித்தது. திங்கள் ராத்திரி குளிர்காய்ச்சல் வேறு. யாரிடமும் சொல்லவில்லை. மழைக்குப் போர்த்தியிருக்கிறேன் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். காலை நீட்டினால் அந்த டாக்டர் பெண் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள், அதனால் அவள் கூட்டத்தில் அவளுக்குக் கெட்ட பெயர் வரும். ஸ்ட்ரைக் முடிகிற வரைக்கும் புண் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

மோர் ஊற்றிய பித்தளைப் போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால், கேட்டில் ஒரு போர்டு. வாட்ச்மேனைக் கேட்டேன்.

"ஏனுங்க, என்ன எழுதியிருக்குதுங்க?"

"ஓ.பி. இன்னைக்கு இல்லீங்க. அவசரம்னா அக்கட்டால போங்க" என்று பக்கத்து வாசலைக் காட்டினார்.

"எனக்கு அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மோரு குடுக்க வந்தேன்."

அவர் என்னையும் போசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேப்பமரத்தடியில் பந்தல். எல்லாரும் வெள்ளைக் கோட்டில் கறுப்புத் துணி குத்தி உட்கார்ந்திருந்தார்கள். என் டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"பாட்டி, கட்டு மாத்த வந்தீங்களா?"

"இல்லீங்க கண்ணு. சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மா பாக்க ரெண்டு பஸ்ஸா?"

"மொதல்ல மோரைக் குடிங்க. புளிச்சுப்போயிரும்."

டம்ளரை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது.

"பாட்டி, கை கொதிக்குது."

"வெயிலுங்க அம்மணி."

"மழை தூறிட்டு இருக்கு. காலைக் காட்டுங்க."

காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். "காட்ட மாட்டேனுங்க. ஸ்ட்ரைக்குன்னா ஸ்ட்ரைக்குதானுங்க. நீங்க என்ற காலைத் தொட்டா நாளைக்கு இவங்கெல்லாம் உங்ககூடப் பேச மாட்டாங்க."

பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டை அவிழ்த்தாள். விரல் கறுத்திருந்தது. சிவப்பாக ஒரு கோடு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. சிரிப்பு நின்றுபோனது. மைக் பிடித்திருந்த பெரிய டாக்டர் மைக்கை வைத்துவிட்டு வந்தார்.

"ஏம்மா நேத்தே வரல?"

"டிவியில ஸ்ட்ரைக்குன்னு சொன்னாங்களேங்க."

"ஓ.பி.யை மட்டுந்தாம்மா நிறுத்துனோம். இந்த மாதிரி அவசரத்துக்கு முறை வச்சு உள்ள ஆள் இருக்காங்க. டிவியிலயும் சொன்னோமே."

"டிவிக்காரன் ஸ்ட்ரைக்குன்னு சொல்லிப்போட்டு வெளம்பரத்துக்குப் போயிட்டானுங்க. போர்டு போட்டிருக்கறீங்க, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

அவர் திரும்பிக் கேட்டிலிருந்த போர்டைப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஒரு டாக்டர்தம்பி என் டாக்டரிடம், "உள்ள இருக்கறவங்க பாத்துக்குவாங்க. நீங்க போனா, கேமராக்காரன் நிக்கறான், ஸ்ட்ரைக் புட்டுக்குச்சுன்னு போட்டுருவான்" என்றது.

"போடட்டும். இந்தக் கால் போன வாரம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும்? நான் வச்சுப் பாத்த கால் இது."

பெரியவர், "போம்மா, போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்றேன். அவள் என் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்.

"தறி ஸ்ட்ரைக்குல, நெசவு பாதியில நிக்கிற தறியை அப்படியே போட்டுட்டு வந்துருவீங்களா?"

"அதெப்படிங்க? பாவு நூலை எலி கடிக்காம மூடி, அதோட இழுவையைத் தளத்தி வெச்சுப்போட்டுத்தான் வருவோம். தெனமும் ஒருக்காப் போயிப் பாப்போம்."

"அப்படிப் போனதுக்கு யாராச்சும் உங்களைத் திட்டுனாங்களா?"

வாய்க்காரி என்று ஊரில் பெயர் எடுத்த நான், வேண்டாமுங்க என்பதை விட்டுவிட்டு மோர்ப் போசியை அந்த டாக்டர்தம்பி கையில் கொடுத்தேன். அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது, அவளே தள்ளினாள். கேமராக்காரர் கூடவே வந்தார். நான் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். அன்று சாயங்காலம் மருமகள் அதை டிவியில் பார்த்துவிட்டு, இருக்கிறதிலேயே பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களே என்று கோபித்துக்கொண்டாள்.

மதியமே விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்குமாம். ஒன்பது விரல் எனக்குப் போதும்.

மறுநாளும் ஸ்ட்ரைக். அவள் காலையில் வந்து, கோட்டில் கறுப்புத் துணியோடேயே என் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே மைக்கில் பெரியவர் குரல் கேட்டது. காய்ச்சல், புண், மூச்சுத் திணறல், பிரசவ வலி, எதுவானாலும் உள்ளே வாங்க, போர்டைப் பார்த்துத் திரும்பிப் போகாதீங்க என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் நாள் நான் சொன்னதைக் கேட்டுப் போர்டைத் திரும்பிப் பார்த்தாரே, அதற்குத்தான் இது என்று வைத்துக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் பக்கத்துக் கட்டிலுக்கு உக்கடத்துப் பாயம்மா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மூச்சு இரைத்தது. மாஸ்க் வைத்து, ஊசி போட்டு, கொஞ்சம் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து வந்து கேட்டோட திரும்பிட்டேங்க. ஸ்ட்ரைக்காச்சே, அவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. இன்னைக்கும் கேட்டு வரைக்கும் வந்தேன், மைக்குல கூப்பிட்டாங்க, உள்ள வந்துட்டேன்."

"நல்லதுங்க. மூச்சைப் புடிச்சுப் பேசாதீங்க, நான் பேசறேன், நீங்க கேளுங்க" என்று சொல்லி, செருப்பு வாங்கினதிலிருந்து ஆரம்பித்தேன்.