எடுக்காத போன்

வேலை முடிந்து ரயிலில் அரைத்தூக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். யாருடையதோ கைபேசி, பழைய வீட்டுப் போன் போலவே கணகணவென்று அடித்தது. அதை எடுக்க எழுந்துவிட்டேன்.

எழுபதுகளில், நாங்கள் குடியேறியிருந்த மெரிலேண்ட்ஸ் புறநகரில், எங்கள் வீட்டுப் பின்னறையில் செக் நாட்டுக்காரர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். பிராக் நகரில் ஓபரா என்னும் இசைநாடகங்களுக்கு, கையசைவால் இசைக்குழுவை நடத்தியவர். இங்கே அப்பாவோடு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. குசினியில் சாப்பாட்டு மேசைக் கதிரையில் அமர்ந்து, இசைத்தாளை விரித்துவைத்துச் சத்தமில்லாமல் கையை அசைப்பார். "மாஸ்டர், கறி ஆறுது" என்று அம்மா தமிழிலேயே கூப்பிடுவா. பக்கம் முடியும்வரை அவர் நிமிரமாட்டார்.

இங்குள்ள ஓபராக் குழுவொன்று, இசைக்குழுவை நடத்த ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுவதாக எங்கள் நம்பரை வாங்கியிருந்தது.

"போன் அடிச்சா உடனே எடு பிள்ளை. மாஸ்டரின்ர வாழ்க்கை அதிலதான் கிடக்குது" என்றார் அப்பா.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் கடைக்குப் போயிருந்தபோது அது அடித்தது. தெரியாத ஒருவரோடு ஆங்கிலத்தில் பேசவேண்டுமே என்று பயந்தேன். பார்த்தபடியே நின்றேன். அடித்து ஓய்ந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பேப்பரில் செய்தி வந்தது. அந்தச் சனிக்கிழமை இரவு, நோயுற்ற நடத்துநருக்குப் பதிலாக, வேறு யாரோ அந்தக் குழுவின் ஓபராவை நடத்தியிருந்தார்.

"உங்களை மறந்திட்டாங்கள் மாஸ்டர்" என்றார் அப்பா. மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்தார்.

பிறகு அந்தக் குழுவிடமிருந்து போன் வரவேயில்லை. மெல்பேர்னுக்கு வேறு வேலை தேடிப் புறப்பட்ட அன்று அவர் என் தலையைத் தடவினார். "போன் வந்ததா என்று எல்லோரும் தினமும் கேட்டார்கள். நீ மட்டும்தான் கேட்டு என்னை நோகவைக்கவில்லை. நல்ல பிள்ளை" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அதை அவர் கூச்சம் என்று நினைத்தார்.