ஜெனரேட்டர் அறைப் புகை

கல்முனைக்குடி ஐஸ் பெக்டரியில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை மசூருக்கு. மின்வெட்டுக் காலத்தில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் அந்தச் சின்ன அறைக்குள் நின்றார். ஒரு வருஷத்துக்குள் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. டீசல் புகை நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்றார் டொக்டர்.

மனைவி ஸுஹைறா கெம்பஸில், பேராசிரியர் நல்லரெத்தினத்தின் கீழ், பட்டத்துக்காக இரசாயன ஆய்வு செய்துகொண்டிருந்தாள். புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டை அமோனியாவோடு சேர்த்து ஒரு வினையூக்கியின் மேல் விட்டால் கெடுதியில்லாத நைதரசனாகும். ஆனால் கடையில் கிடைக்கிற ஊக்கிக்கு முந்நூறு பாகைச் சூடு வேண்டும். அதிகச் சுமையில்லாமல் ஓடும் அந்த ஜெனரேட்டரின் புகையோ நூற்றைம்பதைத் தாண்டாது. அந்தக் குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும் என்று நம்பி மங்கனீசு, சீரியம் ஒட்சைட்டுகளைக் கலந்து ஓர் ஊக்கி செய்தாள்.

மசூரே அதைப் புகைக்குழாயில் பூட்டி, நாள்தோறும் புகையை அளந்து அவளுக்குக் கொடுத்தார். ஐஸ் உறையவைக்க அங்கேயிருந்த அமோனியாவையே புகைக்குள் விட்டார்கள்.

"புள்ள, இண்டைக்கு மூக்கு எரியல்ல!" என்று சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் மசூர்.

அந்தச் சிரிப்பு பதினொரு நாள்தான். பன்னிரண்டாம் நாள் புகையிலுள்ள ஒட்சைட்டின் அளவு பழையபடி ஏறியது. டீசலிலுள்ள கந்தகம் ஊக்கியை மூடிவிட்டிருந்தது. இரும்பு சேர்த்துத் திரும்பச் செய்தாள். அதுவும் ஒரு மாதம் தாங்கவில்லை.

"வேலைய விடுங்களன்" என்று கெஞ்சினாள்.

"வேற வேலை ஆர் தாற? நீ ஒன்ட சாமானச் செய்" என்றார் அவர்.

மூன்றாவது ஊக்கி உலையில் வேகும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்த மசூர் அப்படியே சரிந்தார். எழும்பவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் அவள் இருந்தபோது பெக்டரி முதலாளி அச்சிமுகம்மது வந்தார். கதவுக்கு வெளியே நின்றபடி கதைத்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தியே கேட்டடிக் காவல் வேலைக்கு வரச் சொன்னன், மகள். ஊட்டுக்காரிட சாமான் சரிவரட்டும், நான் இல்லாட்டி ஆர் அளந்து குடுக்கிற எண்டான்."

ஸுஹைறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு முதலாளி ஜெனரேட்டர் அறைச் சுவரை உடைத்துப் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தினார். மேசனுக்கு இரண்டு நாள் வேலைதான்; அறைக்குள் புகையே இல்லாமல் போனது. அதைக் கேட்ட அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

"ஆய்வறிக்கைக்கு முதல் பதினொரு நாள் அளவு போதும், நல்லாயிரிக்கு" என்று பேராசிரியர் நல்லரெத்தினம் தொலைபேசியில் சொன்னார்.

"இல்ல சேர், எல்லாத்தையும் எழுதப்போறன்" என்றாள்.

ஊக்கி செத்த நாட்களையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். அளவெடுத்தவர் பெயர் என்ற இடத்தில் மசூர் என்று எழுதியபின், அன்றைக்கு அவளால் மேலே எழுத முடியவில்லை.