பட்டாபிராமன் சொன்ன நன்றி

பீர்க்கன்கரணையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் லேசில் எதையும் நம்பமாட்டார். இன்சூரன்ஸ் ஆபீஸில் பொய் கிளெய்ம் பிடித்தே ரிட்டயர் ஆனவர். ஆனாலும் வாயில் நன்றி ஓயாது. சண்டை போட்டு இறங்கின ஆட்டோக்காரருக்கும் ஒரு நன்றி உண்டு.

தனியார் சேனல் எல்லாம் யாரோ ஒருத்தர் பாக்கெட்டில் என்பார். அவர் நம்பினது அரசாங்க ரேடியோ ஒன்றைத்தான். நம் வரிப்பணத்தில் நடக்கிறது, நமக்குத்தானே பதில் சொல்லவேண்டும் என்பார். சம்பளம் கொடுக்கிற அரசாங்கத்தை விட்டுவிட்டு அது நமக்கு எதற்குப் பதில் சொல்லப்போகிறது? எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

தெருக் கால்வாய் வேலையை மாநகராட்சி பாதியில் விட்டுவிட்டுப் போனதில், மழைக்குச் சாக்கடை வீட்டுக்குள் வந்தது. நேயர்கள் அதிகாரியைக் கேள்வி கேட்கும் ரேடியோ நிகழ்ச்சியில் பேச, குடியிருப்போர் சங்கம் இவரைத்தான் பிடித்தது. ரேடியோக்காரர்கள் இவர் பேச்சை முன்கூட்டியே போனில் ரெக்கார்ட் செய்துகொண்டார்கள். வேலை முடிந்துவிட்டதாக அதிகாரி சொல்ல, "முடியவே இல்லை" என்று தான் மறுத்ததாக வந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கேட்டது. இவர் கேள்வி வந்தது. வேலை முடிந்துவிட்டது என்ற பதில் வந்தது. உடனே இவர் குரல்: "ரொம்ப நன்றி சார்." அப்புறம் சினிமாப் பாட்டு.

கோடி வீட்டு எலெக்ட்ரீஷியன் தினகரன் வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா சார், தண்ணி என் வூட்டுக்குள்ள நின்னுகினு கீது, நீங்க நன்றி சொல்லிக்கினு வர்றீங்க?"

லைன் கிடைத்ததும் ஆரம்பத்தில் சொன்ன நன்றியை வெட்டிக் கடைசியில் ஒட்டிவிட்டார்கள் என்று பட்டாபிராமன் தலையில் அடித்துக்கொண்டார். என்னைத் தவிர யாரும் நம்பவில்லை. முழுப் பதிவையும் தரும்படி ரேடியோ நிலையத்துக்கு எழுதினார், அழித்துவிட்டோம் என்றார்கள். சங்கத்தில் அவரிடம் பேச்சே குறைந்தது. பொய் பிடித்தே வாழ்ந்தவரைப் பொய்யர் ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அதே நிகழ்ச்சிக்கு மறுபடி பெயர் கொடுத்தார். போன் வந்த அன்று தினகரனையும் எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஸ்பீக்கரைப் போட்டார். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. கால்வாய் முடியவில்லை, எப்போது முடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்.

நிகழ்ச்சிக்காரப் பெண் கெஞ்சினாள்: "சார், ஆரம்பத்துல ஒரு வணக்கம், ஒரு நன்றி சொல்லிடுங்களேன்."

"வேலை முடியட்டும்மா, சொல்றேன்."

அந்த ஞாயிறு அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டோம். நன்றி சொன்ன மற்ற நேயர்கள் எல்லார் குரலும் வந்தது, அவர் குரலைத் தவிர. தினகரன் தயங்கித் தயங்கி எழுந்துவந்தார். "நீங்க அன்னிக்கும் கரெக்டாத்தான் கேட்டுக்கீறீங்க சார். நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

பட்டாபிராமன் தலையை மட்டும் ஆட்டினார். நன்றி சொல்லவில்லை.