இடப்பக்கத்துக் கயிறு

ரூபியாவைப் பற்றி எழுதச் சொன்னால் சங்கரன்கோவிலில் பத்துப் பேராவது நல்லவிதமாக எழுதித் தருவார்கள். நானும் நல்லவிதமாகத்தான் எழுதப் போகிறேன், வேறு வழியில்லை. ஆனால் எழுத எழுத எனக்கு வயிறு எரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விசைத்தறிச் சேலைகளுக்குப் பார்டர், புட்டா, முந்தி எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற டிசைன் சென்டரில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் பேச்சிராஜா, கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம், பதினோரு வருஷ அனுபவம். அவள் பிளஸ் டூ. கடையநல்லூர்க்காரி, கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் மில்லில் நூலுக்கு முறுக்கு ஏற்றுகிற மெஷினில் நின்றவள். இங்கே சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் தறிக்காரர்கள் வந்தால், அந்தப் பிள்ளை இல்லையா என்றுதான் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது நான் யார், தூணா?

போன வருஷம் சென்னையில் ஒரு கம்பெனி, இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாகச் செய்ய ஆள் தேடியது. பழைய வரைபடங்களை அனுப்புவார்கள். அதைப் பார்த்து மாடல் செய்து அனுப்ப வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு நிரந்தர வேலை. பதினோரு வருஷமாக மாங்காயும் மயிலும் வரைந்து சலித்துப்போன எனக்கு அது ஒன்றுதான் வாசல். செய்தியைக் கண்டுபிடித்தவன் நான். பெருமை பேசப் போய் அவளிடம் உளறியவனும் நான். மறுநாளே அவளும் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

கடலைப் பார்க்கவே இரண்டு பஸ் மாற வேண்டிய ஊரில் உட்கார்ந்து இரண்டு பேரும் கப்பல் கட்டினோம். மூன்று பாய்மரம், எழுபத்து நாலு பீரங்கி. மரப்பலகையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு பலகைக்கும் ரேகை, ஆணித்தலை, தார் ஒழுகிய கறை எல்லாம் வைத்தேன். அவள் கப்பலை ஓரக்கண்ணால் பார்ப்பேன். பலகை சுமார்தான் என்று தெரிந்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். பாய் காற்றில் புடைத்து நிற்பதை அவள் செய்த அழகைப் பார்த்தால் இறங்காது.

அனுப்ப வேண்டிய கடைசி நாள், மத்தியானம், அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, நாம ரெண்டு பேரும் ஒரே தப்பு பண்ணிருக்கோம். சேலை பார்டர் மாதிரி பாதியச் செஞ்சு, மறுபாதிக்கு அதையே திருப்பிப் போட்டுட்டோம். கயித்தப் பாருங்க, இடப்பக்கம் முறுக்கு எதிர்த்திசையில ஓடுது. ஒரே கயிறு, பக்கம் மாறுனா முறுக்கு மாறுமா? நான் எல்லாத்தையும் மாத்திட்டேன். நீங்களும் மாத்திருங்க, சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்கு."

"உன் சோலியப் பாரு. எனக்குப் பாடம் எடுக்க வராத" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போய்ச் சாப்பிடப் போனாள். அவள் தலை மறைந்ததும் என் கப்பலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சொன்னது அப்படியே சரி. வலப்பக்கத்துக் கயிறுகள் ஒரு திசையில் முறுக்கியிருந்தன, இடப்பக்கத்துக் கயிறுகள் அதற்கு நேர் எதிராக. மூன்று மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்றவில்லை. மாற்றினால் அவள் சொல்லிக் கொடுத்து ஜெயித்தவன் ஆகிவிடுவேனே! சென்னையில் ஏசி ரூமில் இருப்பவன் கயிற்று முறுக்கையா எண்ணப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்படியே அனுப்பினேன்.

எண்ணியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பலகை வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லையாம். இடப்பக்கத்துக் கயிறு மட்டும் தப்பாக இல்லாமல் இருந்தால் என்னைத்தான் எடுத்திருப்பார்களாம். வேலை ரூபியாவுக்கு.

அவள் சென்டரை விட்டுப் போன அன்று எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். முதலாளி முதல் டீ கொண்டு வருகிறவர் வரை வாழ்த்தினார்கள். நான் வாங்கி மேஜையில் வைத்தேன். எல்லோரும் நகர்ந்த பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, உங்க கப்பல்ல கயிறு மட்டுந்தான் கொறைன்னு என்கிட்டயும் சொன்னாங்க. அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்கு வெளங்கலையோ? நான் அவசரத்துல சொல்லிட்டேன். உக்காந்து காமிச்சிருக்கணும். அது மனசுல கெடந்து உறுத்துது."

விளங்கியது, பார்த்தேன், வேண்டுமென்றே விட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வேலையும் அவளுக்கு, நல்ல மனசும் அவளுக்கா என்று ஒரு ஆத்திரம் முந்திக்கொண்டது.

"ஆமாம்மா, சரியா வெளங்கலை" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. என்னை மன்னிச்சிருங்கண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மன்னிப்பையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.