ஐஸில் போன ரத்தம்

என்னைப் பெற்ற நைனாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்றிய மனுஷன், இடுப்பெலும்பு வலியில் கட்டிலோடு கிடந்தார்.

பாண்டிச்சேரி டாக்டர் கொடுத்த மாத்திரை, பெண்கள் உடம்பில் ஊறும் சுரப்பு நீரைப் போன்றதாம். அதைச் சாப்பிட்டதில் நைனாவின் மார்பு பெண்களுக்குப் போல வீங்கி வலித்தது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் துண்டை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ரத்தத்துல அந்த அளவு கொறயலன்னா மாத்திரைய கெணத்துல போட்டுடுவேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர்.

அந்த அளவு என்றால் ஆசிட் பாஸ்பட்டேஸ். புராஸ்டேட்டில் ஊறும் பொருள். நோய் எலும்புக்குப் பரவினால் ரத்தத்தில் ஏறும், மருந்து பிடித்தால் இறங்கும். ஆனால் எடுத்த ரத்தம் சூடானாலும் அது அழிந்துபோய், இறங்கிவிட்டது போலவே பொய்யாகக் காட்டும். இதையெல்லாம் டாக்டர் நைனாவின் எதிரிலேயே சொல்லியிருந்தார்.

நைனாவை பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால் ரத்தம் மட்டும் பயணம் போனது. செஞ்சி டாக்டர் விடிந்ததும் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுத்தார். ஜவுளிக்கடை பாய் வீட்டு ஃப்ளாஸ்க்கில் சோடாக்கடை ஐஸை உடைத்துப் போட்டு, ரத்தக் குழாயை அதற்குள் செருகி, மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போகும் முதல் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா அது, காப்பியா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"ரத்தம்" என்றேன். அதற்கப்புறம் அந்த சீட்டு முழுக்க எனக்கே.

திண்டிவனம் ரயில் கேட் மூடியிருந்தது. ரயில் வருகிற அறிகுறியே இல்லை. டிரைவர் பீடி பற்றவைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "கேட்டு எப்ப தொறக்கும்?" என்றேன். "தொறக்கறப்ப தொறக்கும்" என்றார் கண்டக்டர். இறங்கினேன். கேட்டுக்குக் கீழே குனிந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கல்யாணமான பள்ளிக்கூட டீச்சர் நடுரோட்டில் ஓடியதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது. பாண்டிச்சேரி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். ஃப்ளாஸ்க்கைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டினேன். உள்ளே ஏதோ இடித்தது. அது ஐஸா, வெறும் ரத்தக் குழாயா என்று தெரியவில்லை. திறந்து பார்க்கவும் பயம்.

பரிசோதனைக்கூடத்தில் மூடியைத் திறந்தவர் உள்ளே விரலை விட்டார்.

"இருக்குது" என்றார். புளியங்கொட்டை அளவுக்கு இரண்டு துண்டு.

மதியத்துக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார். அளவு முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. மருந்து பிடித்திருக்கிறது என்றார். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு இருந்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். நைனா காலை மாத்திரையைத் தொடவே இல்லை என்று வாசலிலேயே அம்மா சொன்னாள். உள்ளே போனதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஐஸ் கரயலதான?"

"கரயல நைனா. பாதிகூட இல்லயாம்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் கையை நீட்டினார்.

"காலைல விட்டதையும் சேத்துக் குடு."