பாட்டை நிறுத்தியது நான்தான்

எங்கள் குழு தொடங்கிய ஆறு மாதத்தில் உடைந்தவை: கிடார்க்காரனின் முன்பல் ஒன்று, டிரம்ஸ் குச்சிகள் எட்டு, என் கைக்கடிகாரம். பல்லை உடைத்தவன் எங்கள் டிரம்ஸ்காரன்தான். தாளம் தவறியதற்காகக் குச்சியை விட்டெறிந்தான். இருவரும் நாங்கள் ஒத்திகை பார்க்கும் தகரக் கொட்டகைத் தரையில் கட்டி உருண்டார்கள். பிறகு ஒரே சைக்கிளில் பல் டாக்டரிடம் போனார்கள்.

நாங்கள் நான்கு பேர். பாடகன் ஓசூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பையன். டிரம்ஸ்காரன் உத்தனப்பள்ளி, வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ். கிடார்க்காரன் திருநெல்வேலியிலிருந்து லேத் வேலைக்கு வந்தவன். நான் எலக்ட்ரானிக்ஸ் முடித்த அப்ரண்டிஸ். ஆம்ப்ளிஃபையரும் மின்சாரமும் என் பொறுப்பு. என்னை 'டிப்ளமோ' என்றே கூப்பிட்டார்கள்.

பெங்களூர் நடைபாதையில் வாங்கிய கேசட்டில் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடிய ரிதம் அண்ட் ப்ளூஸ் இருந்தது. வார்த்தை புரியவில்லை, கோபம் புரிந்தது. பாடகன் அந்தத் தாளத்தில் ஷிஃப்ட் சங்கையும் கேன்டீன் சாம்பாரையும் சூப்பர்வைசரின் தொப்பையையும் வைத்துப் பாடினான்.

ஊத்தங்கரையில் ஒரு கல்யாணத்தில் அடிதடி வந்தபோது பயந்து வாசிப்பை நிறுத்தினோம். அதுவரை ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்த இரு தரப்பும் மேடையைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த கல் எங்கள் மேல் விழுந்தது. அன்று பாடகன் சொன்னான்: "இனிமே கீழ கொலையே விழட்டும்பா, பாட்டு நிக்கக் கூடாது." என் டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் கருவிகளின் பட்டியலை ஒட்டியிருந்தேன். அதன் கடைசியில் இதையும் எழுதினேன். அதன்பின் மூன்று சண்டைகளை வாசித்தே கடந்தோம்.

நான்காவது, ஆயுத பூஜையன்று பிற்பகல், ஒரு தொழிற்சாலை முற்றத்தில். மூன்றாவது பாட்டின்போது நிரந்தரத் தொழிலாளர்களும் காண்ட்ராக்ட் ஆட்களும் நாற்காலிக்காக மோதிக்கொண்டார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. நீலச் சட்டை போட்ட ஒருவன் எறிந்த சோடா பாட்டில் பாடகனின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்க, அவன் பாடிக்கொண்டேயிருந்தான். நீலச் சட்டைக்காரன் மேடையோரம் நின்று சிரித்தான்.

கிடார்க்காரன் கிடாரைக் கழற்றி வைத்தான். "நீ பாடுல! நிறுத்தாத!" என்று கத்திவிட்டுக் கீழே குதித்தான். அந்த ஆளைச் சட்டையோடு பிடித்து மேடைக்குப் பின்னால், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இழுத்து வந்தான். திறந்திருந்த என் டூல் பாக்ஸிலிருந்து பதினான்கு அங்குல பைப் ரெஞ்சை எடுத்தான்.

முதல் அடி தோளில். இரண்டாவது முழங்காலில். அந்த ஆளின் வாய் திறந்தது. ஸ்பீக்கர் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. டிரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு டிரம்ஸை இன்னும் பலமாக அடித்தான். அலறலை மறைத்து நண்பனுக்கு உதவுவதாக நினைத்திருப்பான்.

"விடு, செத்துருவான்!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிடார்க்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் தள்ளினான், சுவிட்ச் போர்டில் போய் மோதினேன். அந்த ஆள் இரண்டு கைகளாலும் தலையை மூடினான். ரெஞ்சு கைகளின் மேல் இறங்கியது. கைகள் விலகி விழுந்தன. தலை மட்டும் இருந்தது. ரெஞ்சு மறுபடி மேலே போனது.

மெயின் சுவிட்சை இறக்கினேன்.

டிரம்ஸ் மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. அந்த நிசப்தத்தில் அடிபட்டவனின் ஓலம் முற்றம் முழுவதும் கேட்டது. கிடார்க்காரன் கை ஓங்கியபடி என்னைப் பார்த்தான். அதற்குள் இரு தரப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவனது இடது கையை மேடைப் பலகையில் விரித்துப் பிடித்து அதே ரெஞ்சால் அடித்தார்கள். நானும் டிரம்ஸ்காரனும் ரெஞ்சை ஓங்கியவனின் கையில் தொங்கினோம். என் முடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். கிடார்க்காரன் கையில் விழுந்தது நான்கு அடி. எண்ணினேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். பாடகன் தலையில் கட்டோடு வராந்தாவில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போனான். உள்ளே கிடார்க்காரனின் இடது கை மாவுக்கட்டில் இருந்தது. இனி விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீலச் சட்டைக்காரன் அதே வார்டின் மறுகோடியில் கிடந்தான். அவன் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ நிறுத்தாம இருந்திருந்தா நானே அவன விட்டுட்டு மேடை ஏறியிருப்பேன் டிப்ளமோ" என்றான் கிடார்க்காரன்.

"ஏறியிருக்க மாட்ட."

அவன் வலது கையால் மறுகோடிக் கட்டிலைக் காட்டினான். "எங்கூட எத்தன நாள் ஒண்ணா டீ குடிச்சிருக்க? அவன் யாரு உனக்கு?"

"யாருமில்ல."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு கையால் உரிக்க முடியாதென்பதால், ஆறு சாத்துக்குடியையும் உரித்துத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.