பபேடானில் சண்டைக்கு ஓர் ஆள்

என் கணவர் இருந்தவரை எங்கள் வீட்டில் மாலைக் காப்பியோடு ஒரு சண்டை நிச்சயம். யூதர்களுக்கு மித்ராஷ் என்று பழைய உரைநூல்கள் உண்டு. வேதம் சொல்லாமல் விட்ட இடங்களை அவர்களுடைய ரபீக்கள், அதாவது வேத குருமார்கள், கதை சொல்லியும் ஒருவரை ஒருவர் மறுத்தும் நிரப்பி வைத்தவை. ஆங்கிலத்தில் அவர் வாசிப்பார், நான் "அதெப்படி?" என்பேன். அவர் போனபின் அந்தப் புத்தகத்தைப் பிரித்த கையோடு மூடிவிடுவேன். அதை உரக்க வாசித்துச் சண்டை போடுகிறவர்களை ஒருமுறையாவது பார்த்துவிட ஏங்கினேன். பர்மாவின் யாங்கோனில் ஒரு யூத ஆலயம் இருப்பது தெரிந்ததும், 2009 டிசம்பரில் கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் யாங்கோன். விமான நிலையத்திலிருந்து, ஆலயம் இருக்கும் பபேடான் பேட்டைக்குச் சுமார் பதினாறு கிலோமீட்டர். டாக்சிக்கு ஏழாயிரம் கியாட் கேட்டார்கள், ஆறாயிரத்துக்கு முடித்தேன். கண்ணாடி இறங்காத கார், வெந்துபோனேன்.

ஆலயம் பெயிண்ட் கடைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. எதிர்க் கடையில் வழி கேட்டால், தமிழ்! தாத்தா காலத்தில் அதிராம்பட்டினத்திலிருந்து வந்த குடும்பமாம்.

"ஊருலேர்ந்தா வர்றீங்க? மொதல்ல லப்பெயெ குடிங்க" என்று டீயை நீட்டினார் கடைக்கார பாய். "உள்ள ஊ எலியா இருப்பாரு. இங்கிலீசு கொஞ்சந்தான். நான் வர்றேன், பர்மாவுல பேசிச் சொல்றேன்."

ஊ எலியா (ஊ என்றால் நம் 'ஐயா' மாதிரி) மிஞ்சியிருக்கும் சில யூதர்களில் ஒருவர். புத்தகத்தைக் காட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆனால் திறக்கவில்லை. தனியாக இதைப் படிப்பது அவர்கள் வழக்கமில்லையாம். ஒருவர் வாசிக்க, எதிரில் இருப்பவர் மறுக்க வேண்டும். அவருக்கு எதிரில் உட்கார்ந்த தம்பி கப்பலேறிப் போய்விட்டார். அதன்பிறகு படிக்கவே இல்லையாம். நான் உட்காருகிறேன் என்று கெஞ்சினேன்.

புத்தகத்தைத் திறந்து ஆபிரகாம் கதையை எடுத்தார்; அவர் எழுத்துக்கூட்டி வாசித்துப் பர்மிய மொழியில் விளக்க, பாய் தமிழில் சொன்னார். அப்பா சிலை வியாபாரி. அவர் இல்லாத நேரத்தில் பையன் சிலைகளையெல்லாம் உடைத்து, தடியைப் பெரிய சிலையின் கையில் வைத்துவிடுகிறான். கேட்டால், "இதுங்களே அடிச்சுக்கிச்சுங்க" என்கிறான். கடவுள் ஏன் ஆபிரகாமைத் தேர்ந்தெடுத்து வீட்டை விட்டுப் போகச் சொன்னார் என்று வேதம் சொல்லவில்லை. ரபீக்கள் இப்படிச் சொல்கிறார்கள்.

நான் மரியாதையாகத் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். பெரியவர் முன்னால் எதிர்த்துப் பேசி எனக்கு எங்கே பழக்கம்? கணவரிடம் மட்டும்தான் வாய். ஊ எலியா புத்தகத்தை மூடினார்.

"எல்லாத்துக்கும் சரி சரிங்கிறீங்களாம், இது படிப்பே இல்லையாம்" என்றார் பாய், தர்மசங்கடமாக. எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு தூரம் வந்து கெடுத்துவிட்டேனே!

பாய் கதவுவரை போனார். பொறுக்கவில்லை போல, திரும்பினார்.

"கடை இல்லீங்க, கோயில்! இந்த ஆபிரகாம்தான் எங்க இப்ராஹிம் நபி, அவரு உடைச்சது கோயில்ல. நானும் கடைக்காரன், சொல்றேன். எந்தக் கடைக்காரன் மவன் அப்பன் சரக்குல கை வைப்பான்?" இதையே பர்மிய மொழியிலும் பொரிந்து தள்ளினார்.

ஊ எலியா எழுந்தே விட்டார். மேசையைத் தட்டிப் பதில் சொன்னார். பாயின் முகம் சுருங்கியது.

"என்ன சொன்னாரு?"

"எம்மவன் ஏன் கடை வேணாம்னு பேங்காக் போனான்னு கேக்குறாரு." பிறகு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "அது வேற, இது வேற. மறுபடி வாசிக்கச் சொல்றேன், பாருங்க!"

அப்புறம் எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஆவ்ரஹாம், இப்ராஹிம் என்று இரண்டு பெயர்கள் மட்டும் புரிந்தன. எங்கள் வீட்டு மாலையின் சத்தம் அது. அடக்க முடியாமல் அழுதேன். கிளம்பும்போது ஊ எலியா புத்தகத்தை நீட்டினார். வேண்டாம் என்று அவர் பக்கமே தள்ளினேன்.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள். கார்டு எங்கும் செல்லாது. டாலர் நோட்டில் மடிப்பு இருந்தாலும் வாங்க மாட்டார்கள். கூடவே, உங்களை மறுத்துப் பேசுகிற ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் இருக்கும்போதே போங்கள்.